தந்தக் கட்டில் பிரசங்கம்

எபிரெயம் படித்தவன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம் அது. வேதாகமப் பள்ளியில் அந்த மொழியைக் கற்றுவிட்டு, கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபைக்கு உபதேசியாராக வந்தேன். ஜனங்களைவிட அகராதியோடுதான் அதிகம் பழகினேன்.

சபையில் எல்லோரும் பாயில் படுப்பவர்கள். ஒரு வீட்டில் மட்டும் தேக்குக் கட்டில் ஒன்று வந்து இறங்கியது. செட்டிநாட்டுப் பக்கம் ஏதோ ஒரு பெரிய வீட்டில் கழித்துவிட்டது. தலைமாட்டில் வெள்ளை எலும்பில் பூ இழைத்திருந்தார்கள். ஊரார் அதை யானைத் தந்தம் என்றார்கள். அந்த வீட்டு அம்மாள் சில மாதங்களுக்கு முன் ஊருணிப் படியில் விழுந்து இடுப்பில் அடிபட்டவர். வைத்தியர் கட்டை அவிழ்த்த பிறகும் கோயிலுக்கு வரவில்லை. கட்டில் சுகம் கண்டுவிட்டார் என்று பேச்சு நடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. பேச்சை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நானும் பாயில் படுத்தவன்தான்; பொறாமையும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தந்தக் கட்டில்களில் படுத்திருந்தோரைக் கண்டித்த தீர்க்கதரிசியின் பகுதியை எடுத்தேன். தற்செயலாக அல்ல. முதலில் 'ஹோய்': சாவு வீட்டில் எழும் ஐயோ. அடுத்து 'ஷஅனான்': தனக்கு ஒன்றும் நேராது என்று அசையாமல் இருப்பவன். பிறகு 'ஸெருஹீம்': கூடாரத்தின் மிச்சத் துணி தொங்குவதுபோலக் கட்டிலை விட்டு வழிந்து கிடப்பவர்கள். இந்த இடத்தில் சபை முழுவதும் திரும்பி அந்த அம்மாளின் கணவரைப் பார்த்தது. அவர் தோள்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு நேராகாது.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் அவருடைய மாட்டுவண்டியைப் பார்த்தேன். மேலே கட்டில், கால்கள் வானத்தைப் பார்க்க.

"இத எங்க கொண்டு போறீங்க?"

"விக்கத்தாங்க. சாபத்த வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எப்படிச் சோறு திங்கிறது?"

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தரையில கெடக்குறா. படுத்தா எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கணும், தூக்குனா உசுரு போற மாதிரி கத்துறா. அதுக்குத்தான் ஒசரமா ஒண்ணு வாங்குனேன். ஒரு தடவ இங்கிட்டு வந்து பாத்திருந்தீங்கன்னா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பகுதியின் கடைசி வினைச்சொல் என் முன்னால் வந்து நின்றது. 'நெஹ்லூ'. நோயுறுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். கட்டில், கொழுத்த கன்று, பாட்டு, திராட்சரசம், எண்ணெய் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, தன் ஜனம் நொறுங்கியதைக் கண்டு இவர்கள் நோகவில்லை என்றுதான் தீர்க்கதரிசி முடிக்கிறார். குற்றம் அங்கேதான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். சொன்னால் பிரசங்கத்தின் சூடு குறையும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப அந்த ஐயோ கட்டிலுக்கு இல்லியா?"

"இல்லீங்க. நொந்தவங்களப் பாத்து நோகாதவனுக்கு."

"அப்ப ஒங்களுக்குத்தான்."

"ஆமாங்க."

அவர் மாட்டைத் திருப்பினார். நானும் கூடவே போனேன்.

அந்த அம்மாள் சுவரோரம் பாயில் கிடந்தார். முகம் வற்றியிருந்தது, வாய் வற்றவில்லை. "என்னங்கய்யா, சந்தையில சாபத்துக்கு வெல போகலியா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். கட்டிலை உள்ளே வைத்தோம். அவர் ஏற மறுத்துவிட்டார்.

"கோயில்ல வச்சுத்தான சொன்னீங்க? அங்கயே போயி மாத்திச் சொல்லுங்க. இல்லாட்டி நான் இதுல படுத்தா ஊரு கண்ணு தூங்க விடாது."

நல்லவேளை, மறுநாள் ஞாயிறு. உத்தியோகம் போய்விடுமோ என்ற பயத்தோடு பிரசங்க பீடத்தில் நின்றேன். போன வாரம் மறைத்த சொல்லைச் சொன்னேன். நிம்மதியாகப் படுப்பது பாவமில்லை என்றேன். கர்த்தர் தம் ஜனத்துக்கு வாக்களித்த இளைப்பாறுதலுக்கும் ஷஅனான் என்ற சொல் வருகிறது என்றேன். ஒரு வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் அந்த வீட்டைச் சபித்தவன் நான் என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, "நாங்க மட்டும் போயிப் பாத்தமாக்கும்? அந்த ஐயோல எங்களுக்கும் பங்கு இருக்குதுங்க, நீங்களே முழுசா எடுத்துக்காதீங்க" என்றாள். சபை சிரித்துவிட்டது. எனக்கு மூச்சு திரும்பியது.

ஜெபம் முடிந்ததும் கூட்டமாக அந்த வீட்டுக்குப் போனோம். பெண்கள் சேலையை மடித்து அவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்கள்.

"மெதுவாடி, நான் என்ன நெல்லு மூட்டையா?"

கட்டிலில் கிடத்தியதும் காலை மெல்ல நீட்டினார். கத்தவில்லை. கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. ஒரு வாரமா நான் தூங்கல" என்றார் அந்த அம்மாள்.

போனோம்.