எழுபத்துநாலு கிலோவுக்கு ஒரு பலகை

என் நிறையை அம்மா உண்மையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யார் விசாரித்தாலும் ஐம்பத்தெட்டுக் கிலோ. நான் பக்கத்தில் நின்றாலும் அதே ஐம்பத்தெட்டுத்தான். கேட்டவர்கள் என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்ப்பார்கள், பிறகு தேத்தண்ணியைக் குடிப்பார்கள். கலியாணம் பேசுகிற வீட்டில் இதெல்லாம் நடக்கிறதுதானே என்று நானும் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். முல்லைத்தீவிலிருந்து விடியமுன் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு. நாள் முழுக்கக் காற்சட்டைகளின் இடுப்பையும் தொடையையும் அளந்து, அளவுச் சீட்டில் அடித்திருப்பது சரியா என்று பார்க்கவேண்டும். கடற்கரையில் வீடு இருந்தும் கடலை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகுதான். அளக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பஸ்ஸைத்தான் அடியோடு பிடிக்கவில்லை.

எங்களுக்கு அடுத்த வளவில், நோர்வேயில் கனகாலம் இருந்து திரும்பி வந்த ஒரு அக்கா சிறிய விடுதி ஒன்றைத் திறந்தார். அங்கே வந்து தங்குகிற பெண்களுக்கு, பலகையில் நின்றபடி துடுப்புப் போட்டுச் சின்ன அலையில் கரைக்கு வருகிற விளையாட்டைக் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பெண்ணாக இருந்தால் நல்லது என்றார். நான் கடற்தொழிலாளி வீட்டுப் பிள்ளை. தம்பிமாரோடு சேர்ந்து நீந்தி, தோணி தள்ளி வளர்ந்தவள். ஒரு ஞாயிறு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"உமக்குக் கடல் பயமில்லை. சீசன் தொடங்க முந்தி ஒரே ஒரு அலையில நிண்டபடி கரைக்கு வந்து காட்டும். வேலை உமக்குத்தான். ஏலாதெண்டா நான் தெற்கிலயிருந்துதான் ஆரையும் கூப்பிடவேணும்."

நான் ஒரு மாத லீவு கேட்டேன். எதற்கு என்று மேற்பார்வையாளர் கேட்டார். கடலில் நிற்கப் பழகப் போகிறேன் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். அந்த மாதத்துக்குள் நான் நின்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் பஸ்தான்.

பலகையைத் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு பெண் விற்றார். என்னிடமே அளவைக் கேட்டு அனுப்பச் சொல்லி, அக்கா என் போன் நம்பரை அவரிடம் கொடுத்திருந்தார். அந்தப் பெண் போன் எடுத்த நேரம் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தால், அம்மா முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"திருகோணமலையிலயிருந்து ஒரு இடம் வந்திருக்கு பிள்ளை. தாய்க்காரிதான் கதைச்சவா. என்ன மரியாதை! உயரமும் நிறையும் மட்டும்தான் கேட்டவா. சீதனத்தைப் பற்றி ஒரு கதை இல்லை."

"வேற என்ன கேட்டவா?"

"முந்தி அனுபவம் ஏதும் இருக்கோ எண்டா. எனக்குச் சுள்ளெண்டு வந்திட்டுது. அப்பிடி ஒண்டும் இல்லை, இது நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கு அவா, பரவாயில்லை, போகப் போகப் பழகீடுவா எண்டு சிரிக்கிறா."

எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. அம்மாவின் கலியாணக் கதைகளை ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுவது என் வழக்கம். பலகைக்காரி இன்னும் எடுக்கவில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, நாலு நாளில் பலகையே வந்து இறங்கிவிட்டது. அக்காவே என் அளவைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

வடிவான பலகை. நீல நிறம், கூர் மூக்கு, ஒரு கையால் தூக்கலாம். கரையில் பார்த்தால் ஆசையாக இருந்தது. கடலில் ஏறி நின்றேன், தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது. பலகை எனக்குக் கீழே எங்கேயோ நின்றது. துடுப்பை ஒருதரம் இழுத்தேன், பலகை ஒரு பக்கம் போக நான் மறுபக்கம் போனேன். மூக்கு வாயெல்லாம் உப்புத் தண்ணீர்.

ஒரு நாள் விழலாம், இரண்டு நாள் விழலாம். நான் இரண்டு கிழமை விழுந்தேன். கரைவலை இழுக்கிற ஆட்கள் வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பிள்ளை, ஏறுறது எப்ப?" என்று ஒருவர் கேட்டார். "நீங்கள் வலையில மீனைக் காட்டுங்கோ, நான் ஏறிக் காட்டுறன்" என்றேன். அன்று அவர்களுக்கும் மீன் இல்லை, எனக்கும் அலை இல்லை.

அக்கா நல்லவர். நல்லவர்கள் மெதுவாகச் சொல்கிற வார்த்தை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். ஒருநாள் துவாயைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் எல்லாம் வராதுதானே. உம்மை நீர் வருத்தாதையும்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கா வராது? வள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று வளர்ந்தவளுக்கா வராது? காற்சட்டை ஏறவில்லை என்றால் தொடையைத் திட்டக்கூடாது, முதலில் சீட்டைப் பார் என்பது எங்கள் தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லித்தந்த பாடம். பலகையைக் கவிழ்த்துச் சீட்டைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து லீற்றர் என்று இருந்தது. பலகை பாரம் தாங்கி மிதக்கிற அளவை லீற்றரில்தான் போடுவார்களாம்; அது பெரிதா சிறிதா என்று எனக்குத் தெரியாது. உடனே பலகைக்காரிக்குப் போன் எடுத்தேன்.

"ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கு அது காணும் தங்கச்சி" என்றார் அவர். "உங்கட அம்மாதான் சொன்னவா. நல்லாக் கதைச்சவா. நீங்கள் எதிர்த்துக் கதைக்காத பிள்ளை, நல்லாச் சமைப்பீங்கள் எண்டும் சொன்னவா. அது எனக்கு ஏன் எண்டுதான் விளங்கேல்லை."

மாதாவே! நான் கரையில் அப்படியே குந்திவிட்டேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "திருகோணமலை ஆக்கள் ஏதும் எடுத்தவையோ?" என்றார். இரண்டு கிழமையாக நாள் தவறாமல் அதே கேள்விதான்.

"எடுத்தவை. அவா மாப்பிள்ளையின்ர தாய் இல்லை அம்மா. பலகை விக்கிறவா. நீங்கள் அவாவுக்கு ஐம்பத்தெட்டு எண்டு சொன்னபடியாலதான் நான் ஊர் பாக்க விழுந்து எழும்புறன். உங்களுக்கென்ன விசரே?"

நான் இன்னும் நிறையச் சொன்னேன். பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தினார். திருவலையிலிருந்து எழும்பாமல், "அப்ப பொடியன் எண்டு ஒருத்தர் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பாதி திருவின தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனார். எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் லீவில் மிச்சம் இருந்தது கொஞ்ச நாள், அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்கு நேரமில்லை.

அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்ப பெரிசை எடும்" என்று அலை அடிக்காத கொக்கிளாய்க் களப்பில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற பதினொன்றரை அடிப் பலகையைத் தந்தார். அதில் நிற்பது மேசையில் நிற்பது போல. களப்பில் என்றால் அதில் நின்று சோறும் தின்னலாம். ஆனால் எங்கள் கரையில் அலை முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு. எழும்புவதும் உடைவதும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். அந்தச் சின்ன அலைக்குள் பதினொன்றரை அடியைத் திருப்பவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அலை பின்பக்கத்தைத் தூக்கினால் மூக்குப் போய் மண்ணில் குத்தியது. நான் பலகைக்கு முன்னால் பறந்துபோய் விழுந்தேன். கரைவலைக்காரர் இந்தமுறை கைதட்டினார்கள்.

அன்று பின்னேரம் விடுதி முற்றத்து மரவாங்கில் இருந்தபடி நான் அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். "நிறை கூடின ஆளுக்குச் சட்டை வெட்டேக்க நீளத்தைக் கூட்டினா அது சட்டை இல்லை அக்கா, கவுன். அகலத்தைத்தான் கூட்டுறது. அலை சின்னன். அதுக்குக் கட்டையான பலகைதான் வேணும். நான் சின்னன் இல்லை. அதால அகலமும் தடிப்பும் வேணும். வால் பக்கமும் ஒடுங்காமல் அகலமா இருக்கவேணும், அப்பத்தான் சின்ன அலையும் தூக்கும்."

அக்கா பலகைக்காரிக்குப் போன் எடுத்து இதையே சொன்னார். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவா சொல்லுறது சரி. அப்பிடி ஒண்டு இருக்கு. நீலத்தைத் திருப்பித் தந்திட்டு அதை எடுங்கோ. ஆனா இந்தமுறை தாயிட்டைக் கேக்கமாட்டன். உண்மையான நிறை வேணும்" என்றார்.

உண்மையான நிறை எனக்கே தெரியாது. வீட்டில் தராசு இல்லை. அம்மா வாங்க விட்டதும் இல்லை. கரையில் ஒரே ஒரு தராசுதான் இருந்தது. அது மீன்பிடி முதலாளி சம்மாட்டியின் வாடிக் கொட்டிலில், வள்ளங்களால் வருகிற மீனை நிறுக்கிற மேடைத் தராசு. நான் போனது மீன் இறங்குகிற நேரம். வள்ளக்காரர், வியாபாரிகள், கூடைக்காரப் பெண்கள் என்று சனம் நிறைந்து நின்றது. அம்மா பின்னால் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"வேண்டாமடி. சனம் பாக்குது. பிறகு ஊர் முழுக்கக் கதைக்கும்."

"ஊர் நான் விழுந்ததை இரண்டு கிழமையாப் பாத்தது. இதையும் பாக்கட்டும்" என்று கையை உதறிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன். காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும். சம்மாட்டி முள்ளைப் பார்த்துவிட்டு மீன் நிறை சொல்கிற அதே குரலில் கத்தினார்.

"எழுபத்துநாலு!"

"ஐஸ் போடட்டோ அண்ணை?" என்றான் ஒரு வியாபாரி. வாடி முழுக்கச் சிரிப்பு.

"போடும். உம்மட லொறியில இதுவரைக்கும் இப்பிடி ஒரு நல்ல மீன் ஏறியிருக்காது" என்றேன். கூடைக்காரப் பெண்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு துளியும் வெட்கம் வரவில்லை. அந்த எண்ணைக் கேட்டதும், எவரோ இறுக்கிக் கட்டியிருந்த இடுப்புப் பட்டியை அவிழ்த்துவிட்டது போலத்தான் இருந்தது.

புதுப் பலகை மீன் லொறியின் மேல் கட்டி வந்தது. ஒன்பதரை அடி, முப்பத்திரண்டு அங்குல அகலம், நூற்றுநாற்பது லீற்றர். வடிவென்று சொல்லமுடியாது, தடிப்பாய், மழுங்கல் மூக்கோடு கிடந்தது. மீன் மணம் போக இரண்டு தரம் கழுவினேன். ஏறி நின்றேன். பலகை கொஞ்சம் அசைந்தது, பிறகு என்னை ஏற்றுக்கொண்டது. என் கால் தண்ணீரில் நனையவில்லை. அப்போதே எனக்குத் தெரியும், வேலை என்னுடையது.

இரண்டு நாள் பழகினேன். மூன்றாம் நாள் காலை காற்றில்லை. அலை முழங்காலுக்குச் சற்று மேலே, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. ஒன்றை விட்டேன், இரண்டை விட்டேன். அடுத்தது பின்னால் எழும்பியபோது துடுப்பை நாலு தரம் ஆழமாக இழுத்தேன். பலகையின் வால் உயர்ந்தது. ஒரு காலைப் பின்னுக்கு வைத்தேன். பிறகு நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. அலையே என்னைக் கொண்டுபோனது. எழுபத்துநாலு கிலோவையும் ஒரு பாரமும் இல்லாமல் கொண்டுபோனது. கரைமணலில் பலகை தட்டும்வரை நான் நின்றேன். பெரிதாகக் கத்தியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கரைவலைக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே விசிலடித்தார்கள். அக்கா தண்ணீருக்குள் ஓடிவந்து, "சீசன் முழுக்க வரவேணும், சொல்லிப்போட்டன்" என்றார்.

அம்மா கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். வாடியில் நிறுத்த நாளிலிருந்து அவர் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அன்று பின்னேரம் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கதிரையில் இருந்த என் தோளைத் தானாகவே தேய்க்கத் தொடங்கினார். இரண்டு தோளும் கல்லாக இறுகிப்போயிருந்தன.

தேய்த்துக்கொண்டே சொன்னார். "முதல் வந்த இடத்துக்கு நான் உள்ளதைத்தான் சொன்னனான். கண்மதிப்பில எழுபத்துநாலு இருக்கும் எண்டு. வேண்டாம் எண்டிச்சினம். அடுத்த ஆக்களுக்கு எழுபத்திரண்டு எண்டன். அவையும் வேண்டாம் எண்டிச்சினம். பிறகு ஒவ்வொருத்தர் வேண்டாம் எண்டேக்கையும் ரெண்டு ரெண்டாக் குறைச்சுக்கொண்டு வந்தனான்."

அத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் அத்தனை பதில்களையும் அவர் தனியாக இருந்து கேட்டிருக்கிறார். ஒன்றைக்கூட என்னிடம் சொல்லவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு, அந்த வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது.

"இனி ஆரும் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?" என்றேன்.

"எழுபத்துநாலு எண்டுவன்."

"வேண்டாம் எண்டிச்சினமெண்டா?"

அம்மா பெருவிரலைத் தோளில் நன்றாக ஊன்றி அழுத்தினார்.

"அடுத்த ஆக்களுக்கு எழுபத்தாறு எண்டுவன்."