வெங்காயத் தோல்

இருட்டறையில், ஒளிர்நுண்ணோக்கிக்கு அடியில் செல்கள் பச்சைப் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. என் மாணவி லென்ஸைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டாள். ‘டிக்’கென்று கண்ணாடித் தகடு உடைந்தது.

அதே சத்தம். செல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் எட்டாம் வகுப்புக்கு ஒரே மைக்ராஸ்கோப். வெங்காயத் தோலைப் பார்க்கும் அவசரத்தில் திருகாணியைச் சுற்றி லென்ஸை இறக்கிக்கொண்டே போனேன். தகடு உடைந்து லென்ஸிலும் கீறல் விழுந்துவிட்டது. சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டேன். அடுத்துக் குனிந்தவள் பேச்சி.

“எவடி ஒடைச்சது?” என்றார் டீச்சர்.

“நான் இன்னும் பாக்கவே இல்ல டீச்சர்! இவளக் கேளுங்க.” பேச்சி என் கையைப் பிடித்தாள்.

“நான் பாக்கையில நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அந்த வருடம் முழுக்க டீச்சர் அவளை மைக்ராஸ்கோப் பக்கமே விடவில்லை. நாங்கள் பார்ப்பதற்குத் தோல் உரித்துக் கொடுத்தாள். அவள் விரல்களில் வெங்காய வாசனை போகவே இல்லை.

“நாந்தான் ஒடைச்சேன் மேடம்” என்ற மாணவி, விளக்கைப் போட எழுந்தாள்.

“வேண்டாம்மா, போடாத” என்றேன்.