பழி விழுந்த எஃபெக்ட்ஸ் பெட்டி

மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை மாலைதோறும் கிதார் வாசிக்கிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "சார், முன்னாடி டேபிள்காரங்க எழுந்து பின்னாடி போறாங்க. உங்க கிதார் சத்தத்துல பல்லு கூசுதாம். அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பல் கூசினால் டாக்டரிடம் போக வேண்டியதுதானே! ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வாய்ப்பை விட்டுவிட எனக்கு மனசில்லை. பழியைத் தூக்கி எஃபெக்ட்ஸ் பெட்டியின் மேல் போட்டேன். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும் டிஜிட்டல் பெட்டி அது. காலால் மிதித்தால் எதிரொலி, உறுமல் எல்லாம் சேர்த்துக் கொடுக்கும். பாவம், திருப்பிப் பேசாது.

என்னோடு பேஸ் கிதார் வாசிக்கும் நண்பன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். வியாழக்கிழமை டூட்டி முடிந்து தன்னுடைய புதுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். "கண்ணால பாத்தா புதுசுக்குத்தான் மார்க் போடுவ. திரும்பி நின்னு வாசி மச்சான்" என்றான். நான் சுவரைப் பார்த்து வாசித்தேன். முதுகுக்குப் பின்னால் அவன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். என் மனைவி சோபாவில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் தீர்ப்பு சொன்ன அழகை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "முதல்ல வந்தது வெறும் தகரம். ரெண்டாவதுல ஒரு கதகதப்பு கீது. மூணாவது... ஆஹா, துடைச்சு வச்ச மாதிரி சுத்தம்!"

"சுத்தமா? குக்கர்ல ஆவி போற மாதிரி உஸ்ஸுனு வந்துகினு கீது" என்றாள் மனைவி.

"உனக்கு இன்னா தெரியும்?" என்று அதட்டினேன்.

"மச்சான், மூணுமே உன் பழைய பெட்டிதான். புதுச இன்னும் வெளியவே எடுக்கல" என்றான் நண்பன். குனிந்து பெட்டியைப் பார்த்தான். "கீச்சு சத்தத்த கூட்டுற ட்ரெபிள இன்னாத்துக்கு இவ்ளோ ஏத்தி வச்சிகீற?"

"அப்பதான் கம்பி சத்தம் தெளிவா கேக்குது."

அவன் போனை எடுத்தான். "ஒரு விசில் வரும். மேல மேல ஏறும். நின்னதும் கைய தூக்கு."

விசில் ஏறியது, நின்றது. நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்கினேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். மனைவி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வந்துகினுதான் கீது மச்சான்" என்றான்.

பெட்டியை மாற்றலாம். காதுக்கு எங்கே போவேன்? பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்றது எதுவும் உங்க காதுல விழல. இப்பதான் சர்டிபிகேட்டு கெடச்சிது" என்றாள். நண்பனைக் கேட்டுக்கொண்டு ட்ரெபிளைத் தானே குறைத்தாள்.

"வாசிங்க."

வாசித்தேன். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல எனக்கு மந்தமாகக் கேட்டது.

"எப்படி கீது?" என்றேன்.

"நல்லா கீது" என்றாள். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.