மூன்று நாள் மௌனமும் ஒரு துண்டு வசம்பும்

நான் ஆட்டையாம்பட்டிப் பக்கத்து மடத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது, எங்களைப் பயிற்றுவித்த மதர் கூப்பிட்டுச் சொன்னார்: "வேலை நல்லாத்தான் செய்யுற. வாய்தான் ஓயமாட்டேங்குது. நாளைக்கு ஆரம்பிக்குற தியானத்துல மூணு நாள் பேசாம இரு. அப்புறம்தான் உன்னை அடுத்த படிக்கு, நவசந்நியாசத்துக்கு எழுதுவேன்."

ஜெபமாலை நடுவிலேயே குழம்பு தீய்கிறது என்று அறிவிக்கிறவள் நான்.

முதல் நாள் எப்படியோ போனது. இரண்டாம் நாள் எங்கள் மடம் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு முட்டை டெம்போ வந்தது. கேட் திறப்பது என் டூட்டி. டிரைவர் திருச்செங்கோட்டில் எங்கள் தெருக்காரர்.

"ஏங்கண்ணு பேச மாட்டேங்குற? தொண்டை கட்டிக்கிச்சா?"

கடவுளுக்காக மௌனம் என்று காட்ட, வாயைத் தொட்டு, கையை மேலே நீட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த ஆண்டவனுக்குக் கண்ணில்லையா சாமி!" என்று கலங்கி, முட்டையை இறக்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலை வாடகை வேனில் அப்பாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். நான் சிஸ்டராவது பிடிக்காமல் ஒரு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காதவர். அத்தை கையில் தேனில் உரசிய வசம்பு. பேச்சு வராத குழந்தைக்குத் தடவுவது.

"நாக்க நீட்டு சாமி."

நீட்டினேன். மௌனத்துக்கு அதில் பங்கமில்லை. காரமும் கசப்புமாகக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"புள்ளைய ஊமையாக்கிப் போட்டாங்களே! வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

வராந்தாவில் நின்ற மதரைப் பார்த்தேன். அவரும் அதே மௌனத் தியானத்தில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

பேசினால் மதர் எழுதமாட்டார். பேசாவிட்டால் வேன் கிளம்பிவிடும்.

"நான் வரலீங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. "நான் போகலீன்னா இல்லத்துல சூசையம்மா பாட்டி கஞ்சி குடிக்க மாட்டாங்க. அவங்களுக்கு யாருமில்லீங்க. யாரும் என்னை இங்க புடிச்சுத் தள்ளலீங்கப்பா. கட்டிக் குடுத்தா ஒரு ஊட்டுக்குத்தான் ஒழைப்பேன். எனக்கு அது பத்தாதுங்க!" இப்படியே அரை மணி நேரம்.

அப்பா வேன் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். "பேசுது! பழையபடியே பேசுது!"

"எல்லாம் வசம்பு" என்றார் அத்தை.

"வாய் இருந்தாப் போதுங்கண்ணு. நீ இங்கயே இரு" என்றார் அப்பா. யார் யாரோ பேசியும் கிடைக்காத சம்மதம்.

சாயந்திரம் தியானம் முடிந்ததும் மதர் அழைத்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"உங்கப்பா உன்னை இழுத்துட்டுப் போயிருந்தாலும் நான் வாயைத் தொறக்காம பார்த்துட்டேதான் நின்னிருப்பேன். எனக்கே வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் நவசந்நியாசத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இன்று துறவுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஊர் உலகத்தோடெல்லாம் பேசிய நான், எதற்காக மடத்துக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் மட்டும் ஒரு வருடம் சொல்லவே இல்லை. அப்படி மௌனமாக இருக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.