அம்மன் கோயில் கிதார்

என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், எந்த மெல்லிசைக் குழுவிலும் இரண்டு சித்திரைக்கு மேல் நிலைத்ததில்லை. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கில் இருந்த குழுக்கள் எல்லாவற்றிலும் கிதார் வாசித்தார். எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினார், அல்லது வெளியேற்றப்பட்டார். அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பக்கத்து இசைக் குழுக்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். முதல் அத்தியாயமே அவரால் நகரவில்லை. எந்த ஆண்டு எந்தக் குழுவில் இருந்தார் என்று கேட்டால், "திராட்சையில சாம்பல் நோய் விழுந்துச்சே, அந்த வருசம்" என்பார். தோட்டக்காரர்களிடம் போய் விசாரித்தால் ஆளுக்கொரு வருசம் சொல்வார்கள். இன்னும் சரியாகவில்லை.

குழுவை விட்டு வெளியேறிய காரணம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். இளவயதில் அவர் கொடைக்கானலில் ஓர் அமெரிக்க ஆசிரியர் வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். அந்த ஆசிரியர் சாயங்காலங்களில் தன் ஊர் மலைக்காரர்களின் இசையை வாசிப்பாராம். புளூகிராஸ் என்று அதற்குப் பெயர். மேளம் கிடையாது. பாஞ்சோ, பிடில், கிதார் மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். ஆசிரியர் நாடு திரும்பியபோது விட்டுப்போன கிதாரோடு மச்சான் மலையிறங்கினார்.

எங்கள் குழுக்களில் அப்போது கிதார் என்றால் பாட்டுக்குப் பின்னால் நின்று தாளத்தைத் தாங்குவது. மச்சானுக்கு அது போதவில்லை. கிதாரின் கழுத்தில் ஒரு பென்சிலை வைத்து சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிச் சுருதியை ஏற்றிக்கொள்வார். சோப்பு டப்பா மூடியில் வெட்டிய வில்லையால் கம்பிகளை மீட்டி, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஓட ஆரம்பித்துவிடுவார். பாடகர் திரும்பி வரும்போது அவருக்கு இடம் இருக்காது.

"பாட்டு எனக்கா, ஒனக்கா?" என்று ஒரு பாடகர் மேடையிலேயே கேட்டாராம்.

"யாரு முந்திப் போறாகளோ அவுகளுக்கு" என்றாராம் இவர். அந்தக் குழு அன்றோடு சரி.

ஆனால் யாரிடம் கேட்டாலும் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள். "யாரு, சாமி எறக்குன கிதார்காரரா?" என்றுதான் தொடங்குவார்கள். வீரபாண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், அம்மன் பொங்கலுக்கு இவருடைய குழு போயிருந்தது. பாட்டுக்கு நடுவே இவர் ஆசிரியரிடம் கேட்ட ஒரு மெட்டை எடுத்து ஓடவிட்டார். அது அமெரிக்க மலைக்காரர்கள் கல்யாண வீட்டில் ஆடுவதற்கான மெட்டு. பாதி ஓடுவதற்குள் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. அந்தப் பெண் கிதாரைக் காட்டி, "வருசா வருசம் இதக் கொண்டாங்கடா" என்று கேட்டார். அன்று முதல் அந்த ஊரில் உறுமிக்கு இருப்பதைப்போல கிதாருக்கும் ஒரு முறை உண்டு. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். மச்சான் அதன்பிறகு போனதே இல்லை. மற்ற கிதார்காரர்கள் கேள்வி ஞானத்தில் அந்த மெட்டை வாசித்து வந்தார்கள். சாமி எப்போதும் பாதியில் வந்துவிடும். வாசிப்பும் அங்கே நின்றுவிடும். பின்பாதியை அந்த ஊர் கேட்டதே இல்லை.

"அத எழுதாத மாப்ள" என்றார் மச்சான்.

"நடந்ததுதானே?"

"நடந்துச்சு. அதுக்குத்தான் சொல்றேன். அத எழுதுனா மத்தத ஒருத்தனும் படிக்க மாட்டான்."

இந்த ஆண்டு சர்க்கரை நோயில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. ஓரிடத்தில் உட்கார மாட்டார். டீக்கடைக்குப் போவார், டீ வருவதற்குள் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். நடக்கும்போதே விரல்கள் சட்டைப் பொத்தான்மேல் ஓடிக்கொண்டிருக்கும். பங்குனியில் அந்த ஊர்க்காரர்கள் வழக்கம்போல வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். சட்டென்று வாங்கிக்கொண்டார்.

"இத்தன வருசம் இல்லாத பக்தி இப்ப எங்கிருந்து வந்துச்சாம்?" என்றாள் அக்கா.

"பக்தியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. கை ஓடுறப்பவே ஒருக்கா முழுசா வாசிச்சுப்புடணும். அந்த ஊருக்காரன் கடைசி வரைக்கும் கேக்கணும். அம்புட்டுத்தான்."

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டு என்ன, வீட்டுக்குப் போகட்டும்."

அம்மன் பொங்கலன்று வெயில் சாய்ந்த நேரத்தில் நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தோம். கிதாருக்கு மாலை போட்டார்கள், அவருக்குப் போடவில்லை. அவர் வாசிக்கத் தொடங்கினார். எனக்கு இசையில் பெரிய ஞானம் கிடையாது. ஆனாலும் மற்றவர்கள் வாசித்துக் கேட்ட மெட்டும் இதுவும் ஒன்றல்ல என்று தெரிந்தது. கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் பெண்கள் நின்ற பக்கமே இருந்தன. பாதி வந்தது. யாரும் ஆடவில்லை. முணுமுணுப்பு எழுந்தது.

"ஆத்தா இன்னும் எறங்கல. மொதல்ல இருந்து வாசிங்க" என்றார் பூசாரி.

"இன்னும் பாதி இருக்குய்யா."

"அது இருக்கட்டும், மொதல்ல இருந்து வாசிங்க."

மறுபடி பாதி. மறுபடி நிறுத்தினார்கள். மூன்றாம் தடவை உறுமிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மச்சானின் ஒரு விரல் கம்பியில் சரியாக விழவில்லை. "கையில என்ன கொறையோ" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். முகம் கறுத்துப்போய், கிதாரைக் கீழே வைக்கக் குனிந்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கம் ஒரு சத்தம். அக்கா. கொண்டையை அவிழ்த்துவிட்டு, முன்வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அருள் வந்ததில்லை. அவள் கோயிலுக்கு வருவதே வீட்டில் விசேஷம் என்றால்தான்.

"ஏலே!" என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "உறுமிய வைங்கடா கீழ! அம்புட்டுப் பேரும் ஒக்காருங்கடா! இத்தன வருசமா எனக்குப் பாதியத்தானடா குடுத்தீக? மீதி எங்கடா? முடியிற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது!"

ஊரே தரையில் உட்கார்ந்தது. பூசாரி அவசரமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் அவளை முறைத்தார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. பென்சிலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். முன்னைப்போல வேகமில்லை. பாதியைத் தாண்டியபோது ஒரு கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்பாதி வேறு மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டே வந்த ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடுவதுபோல. குழந்தைகள்கூட அசையவில்லை. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அக்காவுக்குத் திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது காரில் நான் முன்னால் இருந்தேன், அவர்கள் இருவரும் பின்னால். வீரபாண்டியைத் தாண்டினோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, நெசமாவே அருளா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எல்லாம் ஆத்தா செயல்" என்றாள், கொண்டை போட்டுக்கொண்டே.

மச்சான் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அப்படிக் கூத்துக் கட்டித்தான் என்னைய வாசிக்க வைக்கணுமாக்கும்" என்றார்.

அக்கா கொண்டையை முடித்துக்கொண்டாள். பிறகு, "கடைசிச் சுத்துல ஒரு எடத்த விட்டுட்டீக" என்றாள். "வீட்டுல வாசிக்கையில அங்கன மேல ஏறி எறங்குவீக. இன்னைக்கு ஏறல."

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"வெரலு வரலடி" என்றார்.

"தெரியும்" என்றாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தாள். தேனி வரும்வரை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.