மெஸ் கணக்கில் போன கொள்ளு ரசம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைத்து எழுதத் தெரியாது. என் கணவருக்குக் கோபமே வராது. அதுவே எனக்குப் பாதிக் கோபம்.

அவர் திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் கணக்கு எழுதினார். எண்பதுகளின் தொடக்கம் அது. ரிக் வண்டிகள் கோடை முழுக்க ஆந்திரா, மகாராஷ்டிரா என்று ஓடிவிட்டு, மழை பிடித்ததும் ஊர் திரும்பும். டிரைவர்கள் டீசல் சீட்டு, எத்தனை அடி தோண்டினார்கள் என்ற அடிக்கணக்குச் சீட்டு எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அதைப் பிரித்துக் கணக்காக்கி ஆடிட்டருக்குக் கொடுக்கும்வரை ஆபீஸில் ஓவர்டைம்தான். பொழுது சாய்ந்தும் வேலை இருந்தால் எதிரில் இருந்த மெஸ்ஸில் சாப்பிட்டு பில் கொடுக்கலாம். முதலாளி காசு தந்துவிடுவார்.

அந்த வருடம் ஆபீஸின் ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தளம் போட்டார்கள். உட்கார இடமில்லை. "நம்ம ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறமுங்க" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. மறுநாள் துணிப்பைகளோடு இன்னும் இரண்டு கணக்குப்பிள்ளைகளும் வந்து என் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

மூன்று பேருக்கும் தினம் நான்தான் சமைத்தேன். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு ரசம், கடைந்த பச்சைப்பயறு, தயிர். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி என் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டன. அந்தப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் இவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மெஸ்ஸுல உண்டா மொதலாளி காசு தர்றாருங்கல்ல? இங்க உண்டா மட்டும் எதுக்குத் தரமாட்டாரு? கேளுங்க."

"புள்ள, சோறு போட்டுக் காசு வாங்குனா, நாளைக்கு நம்ம ஊட்டுல எவன் கை நனைப்பான்?"

"விருந்துக்கு வந்தவங்ககிட்டக் கேட்டாத்தான் தப்பு. இவங்க வேலைக்கு வந்தவங்க."

அந்தச் சனிக்கிழமை அவர் பணம் கொண்டுவந்து கொடுத்தார். "சாப்பாட்டுக் காசு. மொதலாளி குடுத்தாரு" என்றார். அடுத்த சனிக்கிழமையும் கொடுத்தார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. முதலாளிக்கு என் பாடு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ரசத்துக்குக் கூடுதலாக ஒரு பிடி கொள்ளு போட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் முதலாளியே கணக்குப் பார்க்க வந்தார். சோற்று நேரம். வந்தவரை உண்ணச் சொல்லாமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் கிடையாது. இலை போட்டேன். இரண்டாவது தடவையும் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"மெஸ்காரன் இப்பத்தானப்பா சமைக்கப் பழகியிருக்கான். கேரியர்ல வந்த சோறு இத்தனை சூடா இருக்குது பாரு. பில்லுக் காசு வீண் போவுல."

கணக்குப்பிள்ளைகள் இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, பழகிய மெஸ்காரரிடம் மூன்று சாப்பாட்டுக்குப் பில் எழுதி வாங்கி, அதை முதலாளியிடம் கொடுத்துத்தான் எனக்குக் காசு கொண்டுவந்திருக்கிறார்.

வாயைத் திறந்தால் இவர் வேலை போகலாம். பொய் பில் சின்ன விஷயமில்லை. திறக்காவிட்டால் என் ரசம் அந்த மெஸ்காரருடையது. ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன். அப்போது முதலாளி, "அவனை ஒரு நாளைக்குக் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லோணும்" என்றார்.

"அவனை எதுக்குங்க கூப்புடறீங்க? சமைச்சவ இங்க நிக்கறேன்."

"புள்ள, சித்த சும்மா இரு" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருந்ததுதானுங்க இத்தனைக்கும் காரணம்."

முதலாளி எழுந்துபோய்க் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து இவரைப் பார்த்தார். இவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை திட்டலாம் போலவும் இருந்தது.

"ஏப்பா, பில்லு பொய்யா?"

"ஆமாங்க."

"உன்ற ஊட்டுச் சோத்தைத் தின்ன வாயில நான் என்னன்னு வையறது?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "செரி, அம்மிணி. இதுக்கு என்ன பண்றது?"

"அதைக் கிழிச்சுப்போட்டு நெசமான பில்லு எழுதுங்க."

"வீட்டுச் செலவுன்னு எழுதிப்போடலாமா?"

"ஊடா சமைச்சுது? என் பேரை எழுதுங்க."

ஒரு கணக்குப்பிள்ளைக்குப் புரை ஏறியது. முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அதெல்லாஞ் செரி. புருசனுக்குப் போடற சோத்துக்குமா பில்லு?"

"பொழுது போயும் உங்க கணக்கைத்தானுங்க எழுதறாரு? அதுவரைக்கும் அவரு உங்க ஆளு. வேலை முடியட்டும், அப்புறம் எனக்குப் புருசன். அப்ப சும்மாவே போடறேன்."

முதலாளி உட்கார்ந்து தன் கையாலேயே வவுச்சர் எழுதினார். மெஸ் ரேட்டே போட்டார். என் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினார். நான் திருத்தச் சொன்னேன், திருத்தினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அது.

என் நாத்தனார் கேள்விப்பட்டு, "சோறு வித்தவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லட்டும். அவளும் ஒரு நாள் மத்தியானம் வந்து இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தாள். எவனும் என் வீட்டில் கை நனைக்காமல் போகவில்லை. அடுத்த வருடம் ஆபீஸில் தளம் காய்ந்து மின்விசிறியும் மாட்டிய பிறகும், அந்தக் கணக்குப்பிள்ளைகள் துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார்கள். தளம் சூடாக இருக்கிறதாம். மழைக்காலத்தில்!

முதல் வருடக் கணக்கு முடிந்து ஆடிட்டரிடம் போன அன்று கோழி அடித்தேன். அந்த வவுச்சருக்குப் பிறகு இவர் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. இலையின் முன் உட்கார்ந்தவர் கையை வைக்காமல் இருந்தார்.

"ஏம்புள்ள, இதுக்கு வவுச்சர் உண்டா?"

"வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அப்ப உண்ணுங்க" என்று ஈரல் துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.