தலைமயிருக்கு வந்த இனிப்பும் என் தைரொயிட் கணக்கும்

சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. அதுதான் தொடக்கம். உருத்திரபுரத்தில் அந்த மாதம் நாய்கூட நிழலை விட்டு எழும்பாது. நான் பட்டப்பகலில் போர்வை தேடினேன். குரல் கரகரத்து ஆம்பிளைக் குரலானது. முகம் ஊதியது. தலை இழுத்தால் சீப்போடு மயிர் கொத்தாக வந்தது. இருந்த இடத்திலேயே நித்திரை கொண்டேன்.

இதே வருத்தம் வந்தவர்கள் வாசித்தால் உங்களுக்கு விளங்கும். நோய்க்குப் பெயர் கிடைக்க முன்னமே எங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு வைத்த பெயர் "பஞ்சி பிடிச்சவள்", சோம்பேறி.

நான் தர்மபுரத்துப் பிள்ளை. அப்பா கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர். சண்டையும் முகாமும் தின்றது போக, முப்பத்தாறு வயதில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. இவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்கள். ஒருநாள் மாமி, இவருடைய அம்மா, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது.

"உவையள் உழைச்சுப் பழகின சனம் எண்டுதான் எடுத்தனாங்கள். இது என்னடாவெண்டால் விடிஞ்சாலும் படுக்கை, பொழுதுபட்டாலும் படுக்கை."

எடுத்தார்களாம். மாடு வாங்கின கதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

மூன்று வருடமாகப் பிள்ளை தங்கவில்லை என்றுதான் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். என் களைப்புக்காக ஒருவரும் கூட்டிப்போகவில்லை, அதையும் சொல்லவேண்டும். அங்கே இருந்த பெண் டொக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரி.எஸ்.எச். சோதனைக்கு எழுதினா (தைரொயிட் சுரப்பியை வேலைசெய்யச் சொல்லி மூளையின் அடியிலிருந்து வரும் சுரப்பு, தைரொயிட் சோர்ந்தால் இதன் அளவு ஏறும்). எனக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"இதைச் சரிக்கட்டாமல் பிள்ளை தங்கிறது கஷ்டம். தங்கினாலும் காப்பாத்திறது கஷ்டம்," என்றா. "குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. ஒரு நாளும் விடாதேங்கோ."

தைரொக்சின் (சுரக்காத தைரொயிட் நீரை ஈடுகட்டும் குளிசை) விடிய வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு. தேத்தண்ணி அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் இரண்டையும் நாலு மணித்தியாலம் தள்ளித்தான் போடலாம். ஒன்றாகப் போட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்குகிற சனம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விற்றமின் அளவு பார்க்க ரவுணில் இருந்த தனியார் லாப்புக்குப் போனோம். "முழு உடம்பும் சோதியுங்கோ அக்கா, ஒரேயடியா எல்லாம் தெரியவரும்," என்றா அங்கிருந்த பிள்ளை. எல்லாம் தெரிந்து நான் என்ன செய்ய? டொக்டர் எழுதியதை மட்டும் செய்தோம்: பி12, டி, பெரிற்றின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு). நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விற்றமின் டி குறைவாம். வெயிலில் வெந்து கிடக்கிற வன்னியில் வெயிற்சத்துக் குறைவு! வயலுக்குப் போனாலும் நீளக்கைச் சட்டையும் தலையில் துணியும் என்றால் வெயில் எங்கே படும். பி12உம் குறைவு. அது மீன், இறைச்சி, முட்டை, பாலில் இருந்து வருவது. கலியாணமான நாளிலிருந்து நான் மச்சம் மாமிசம் தொடவில்லை, பாலும் குறைவு. எல்லாம் பிள்ளை கேட்டுப் பிடித்த விரதம். கடவுளுக்கு இதெல்லாம் தெரியாதாக்கும்.

குளிசை மெல்ல மெல்ல வேலை செய்தது. குரல் திரும்பியது. மயிர் மட்டும் கொட்டுவது நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள், இவருடைய அக்கா, வீடியோவில் என் தலையைக் கண்டுவிட்டா.

"ஐயோ, கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு! ஆஸ்பத்திரிக் குளிசையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதையும். நான் ஒண்டு அனுப்பிறன்."

பார்சல் வந்தது. சொக்லேற்றுக்கும் சவுக்காரத்துக்கும் நடுவில் ஒரு போத்தல். உள்ளே ஜெலி போலச் சிவப்பு இனிப்புகள். நல்ல ருசி. மாமி தானே விடியற்காலையில் எடுத்து என் கையில் தருவா. "வெளிநாட்டுச் சாமான் பிள்ளை, வீணாக்காதை." அந்த வீட்டில் என் கையில் அன்பாக விழுந்த முதல் பொருள் அதுதான். இரண்டு தந்தால் மூன்றாகவும் தின்றேன்.

அடுத்த சோதனையில் ரி.எஸ்.எச். அடிமட்டத்துக்கு விழுந்திருந்தது. தைரொயிட் நீரின் அளவு மேலே நின்றது. அன்று கிளினிக்கில் வேறொரு டொக்டர்.

"குளிசை கூடிப்போச்சு. பாதியாக் குறையுங்கோ. வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர்."

பொய் சொல்லவில்லை. இனிப்பை மருந்தென்று யார் சொல்லுவார்? எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பார்சலில் வந்தது மருந்துக் கணக்கில் சேராது. அது சத்து. அது உறவு. அதை ஆஸ்பத்திரியில் சொல்லும் வழக்கமே இல்லை. வீட்டில் மாமிக்குப் பெரும் புளுகம், சந்தோசம் பிடிபடவில்லை. "பாத்தியே, என்ர பிள்ளை அனுப்பின சத்து!"

பாதிக் குளிசையில் குளிர் திரும்பியது. நித்திரை திரும்பியது. சொன்னேன். "சோதனைக் கடதாசி குளிசை கூடிப்போச்செண்டுதானே சொல்லுது, உமக்கென்ன?" என்றார் இவர். கடதாசிக்கு முன்னால் என் வாய் எடுபடவில்லை.

அந்த நிலையில்தான் பிள்ளை தங்கியது. எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குப் போன் எடுத்துக் கதைக்க முடியாமல் அழுதேன். மூன்றாம் மாதம் முடிய முன்னம் அது போய்விட்டது.

வார்ட்டில் முதல் பார்த்த அந்தப் பெண் டொக்டர் வந்தா. என் முகத்தையே கன நேரம் பார்த்தா.

"முகம் இப்பிடி ஊதிக் கிடக்கு. ரிப்போட் குளிசை கூடிப்போச்செண்டு சொல்லுது. ரெண்டும் ஒத்துவரேல்லையே. தலைமயிருக்கு, நகத்துக்கு எண்டு ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

அப்போதுதான் சொன்னேன். அந்த இனிப்பில் பயோற்றின் (முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் ஒரு விற்றமின்) நிறைய இருந்ததாம். அது என் தைரொயிட்டை மாற்றவில்லை. சோதனை செய்யும் மெசினை மட்டும் ஏமாற்றியிருக்கிறது. அதை நிறுத்திவிட்டுத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். ரி.எஸ்.எச். உச்சத்தில் நின்றது. குறைக்கக்கூடாத குளிசையைத்தான் குறைத்திருக்கிறோம்.

"அதாலயோ டொக்டர் என்ர பிள்ளை போனது?"

"அப்பிடி உறுதியாச் சொல்லேலாது அம்மா. இல்லையெண்டும் சொல்லேலாது."

ஒரு ஆளைத் திட்டித் தீர்க்கக்கூட வழியில்லாத பதில் அது. குளிசையைக் குறைத்த டொக்டர் கேட்கவேண்டியதைக் கேட்டவர்தான். மச்சாள் போனில் அழுதா: "நான் நல்லதுக்குத்தானே அனுப்பினனான்." ஓம், நல்லதுக்குத்தான். மாமி மட்டும் "எல்லாம் விதி" என்றா. "கண்டறியாத விதி!" என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமி குசினிக்குள் போய்விட்டா.

சோதனைக்குப் போகிறவர்களே, வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சத்துமா, கசாயம், பார்சலில் வந்த இனிப்பு, எல்லாம். எதை எத்தனை நாள் முன்னம் நிறுத்தவேண்டும் என்று கேளுங்கள். கடதாசி ஒன்றும் உடம்பு வேறொன்றும் சொன்னால், திரும்பச் சோதிக்கச் சொல்லிச் சண்டை பிடியுங்கள். நான் பிடிக்கவில்லை.

இப்போது என் காலம் சோதனைக்குச் சோதனை என்றுதான் ஓடுகிறது. வருசப்பிறப்பு, அறுவடை எல்லாம் இடையில் வந்து போகின்றன. காலையில் எழும்பியதும் கையைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடா குளிரா என்று. அந்தக் கையை முன்புபோல என் கை என்று சும்மா விட்டுவிட முடியவில்லை.

போன கிளினிக்கில் ஒரு புது டொக்டர் இருந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. ரிப்போட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எல்லாம் அளவா இருக்கு. பி12, டி எல்லாமே. இனி நீங்கள் தாராளமாப் பிள்ளைக்கு..."

கண் கடதாசியின் மேல் வரியில் என் வயதுக்குப் போனதும் வாய் நின்றுவிட்டது.

"நாப்பத்திரண்டு, டொக்டர்," என்றேன். "அதைக் குறைக்க ஒரு குளிசை எழுதுங்கோ."

அவர் குனிந்து, அடுத்த சோதனைக்குத் திகதி எழுதினார்.